ஒரு பல்லை அடைக்க எவ்வளவு?

பால்காரர் கணக்கு உங்களுக்கு மனப்பாடம். மளிகைக் கடையில் துவரம் பருப்பின் விலையில் இரண்டு ரூபாய் ஏறினாலும் அன்றைக்கே கண்டுபிடித்துவிடுவீர்கள். நகை வாங்கப் போனால் கேட்கவே வேண்டாம். செய்கூலி எவ்வளவு, சேதாரம் எவ்வளவு என்று கடைக்காரரைத் திணற அடித்துவிடுவீர்கள். ஆனால் பல் டாக்டரின் நாற்காலியில் சாய்ந்துவிட்டால்? கேள்வி கேட்கிற வாயே அவர் வசம் போய்விடுகிறது! "அடைத்துவிடலாம் அம்மா" என்கிறார் அவர். நீங்கள் தலையை ஆட்டுகிறீர்கள். வெளியே வந்து பணத்தைக் கொடுத்த பிறகுதான், "மிளகளவு ஓட்டைக்கு இவ்வளவா!" என்று மனம் கணக்குப் போட ஆரம்பிக்கிறது.

அடுத்த வீட்டு அம்மாளிடம் இதைச் சொன்னால் வயிற்றெரிச்சல் இன்னும் அதிகமாகும். "எங்கள் டாக்டர் எனக்குப் பாதிப் பணத்தில் அடைத்தாரே!" என்பார் அவர். எதிர் வீட்டு அம்மாளோ, "கவர்ன்மெண்ட் ஆஸ்பத்திரியில் எனக்குக் காசே வாங்கவில்லை" என்று ஒரே போடாகப் போடுவார். மூன்று வாய், மூன்று பல், மூன்று விலை! இதில் ஏமாந்தவர் யார்? பெரும்பாலும் யாருமே இல்லை. மூவரும் வாங்கியது மூன்று வேறு சரக்கு. அந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டுவிட்டால், அடுத்த முறை நாற்காலியில் சாய்வதற்கு முன்பே கேட்க வேண்டியதைக் கேட்டுவிடலாம் அல்லவா?

ஓட்டை விழுவது எப்படி?

பல்லைப் பூச்சி அரிக்கிறது என்று நம் பாட்டிமார்கள் சொல்லுவார்கள். அவர்களைப் பரிகாசம் செய்ய வேண்டாம். ஐரோப்பாவிலும் வெகு காலம் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார்கள். பிரான்ஸ் தேசத்துப் பல் வைத்தியரான பியர் போஷார் என்பவர் 1728-ல் வெளியிட்ட பெரிய புத்தகத்தில்தான் இந்தப் புழுக் கதையை மறுத்தார். 1890-ல் மில்லர் என்ற அமெரிக்க விஞ்ஞானி உண்மைக் காரணத்தை விளக்கினார். நாம் தின்கிற இனிப்பையும் மாவுப் பண்டத்தையும் வாயில் குடியிருக்கும் நுண்கிருமிகளும் தின்கின்றன. தின்றுவிட்டு அமிலத்தைக் கக்குகின்றன. அந்த அமிலம் பல்லின் மேல் ஓடாகிய எனாமலைக் கரைக்கிறது.

இயற்கை அன்னை இதற்கும் ஒரு பரிகாரம் வைத்திருக்கிறாள். உமிழ்நீர் அந்த அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவி, கரைந்துபோன உப்புச் சத்துக்களைப் பல்லுக்குத் திருப்பிக் கொடுக்கிறது. இதற்கு ஏறக்குறைய அரை மணி முதல் ஒரு மணி நேரம் பிடிக்கும். சாப்பாட்டோடு ஒரு லட்டைச் சாப்பிட்டு வாயைக் கொப்புளித்தால் உமிழ்நீர் சமாளித்துக்கொள்ளும். காலையிலிருந்து மாலை வரை வாயில் மிட்டாயை அடக்கிக்கொண்டே இருந்தால், பாவம், அது என்ன செய்யும்?

கடலூர்க்காரர்களுக்குச் சர்க்கரையைப் பற்றி யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து நெல்லிக்குப்பத்தில் 19-ம் நூற்றாண்டிலேயே சர்க்கரை ஆலை வந்துவிட்டது. தமிழ்நாட்டுக் குழந்தைகள் தலைமுறை தலைமுறையாகச் சப்பிய பாரி மிட்டாயும் நெல்லிக்குப்பத்து மிட்டாய்தான். மிட்டாயின் குணத்தை ஸ்வீடன் தேசத்தில் விலை கொடுத்துத் தெரிந்துகொண்டார்கள். விப்பேஹோல்ம் என்ற மனநல விடுதியில் 1945 முதல் சில வருஷங்கள் அங்கே இருந்தவர்களுக்கு விதவிதமாக இனிப்புக் கொடுத்துப் பார்த்தார்கள். சாப்பாட்டோடு இனிப்புச் சாப்பிட்டவர்களுக்குச் சொத்தை அதிகம் கூடவில்லை. வேளைக்கு நடுவே ஒட்டிக்கொள்ளும் டாபி தின்றவர்களுக்கோ பல் பாழாய்ப் போயிற்று. சம்மதம் சொல்லத் தெரியாத நோயாளிகளின் பல்லைக் கெடுத்துச் செய்த அந்த ஆராய்ச்சியை இன்று யாரும் நியாயம் என்று சொல்லுவதில்லை. ஆனாலும் அவர்கள் பல்லைக் கொடுத்துப் பெற்ற பாடத்தை நாம் வீணாக்கலாகாது. எவ்வளவு தின்கிறோம் என்பதோடு, எத்தனை முறை தின்கிறோம் என்பதும் கணக்கு.

செய்கூலிதான் அதிகம்

இப்போது பணத்துக்கு வருவோம். நகையில் பொன்னின் விலை பெரிது, செய்கூலி சிறிது. பல் அடைப்பதில் இது தலைகீழ். ஓட்டைக்குள் போகிற மருந்து பட்டாணியளவுகூட இராது. அதன் விலையை மட்டும் பார்த்தால், "இதற்கா இவ்வளவு!" என்றுதான் தோன்றும். நீங்கள் கொடுக்கிற பணத்தில் பெரும் பங்கு செய்கூலி.

அந்தச் செய்கூலியில் என்னென்ன அடங்கியிருக்கிறது? முதலாவது, டாக்டரின் நேரம். ஒரு சின்ன அடைப்புக்கு இருபது நிமிஷம் போதும். இரண்டு பல்லுக்கு இடுக்கில் விழுந்த ஓட்டைக்கு முக்கால் மணிகூட ஆகலாம். இரண்டாவது, கருவிகள். சொத்தையைச் சுரண்டுகிற அந்த 'கிர்ர்' என்ற யந்திரம் நிமிஷத்துக்கு மூன்று லட்சம் சுற்றுக்கும் மேல் சுற்றுகிறது. காற்றினால் ஓடும் இந்த யந்திரம் 1957-ல் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்தது. அதற்கு முன்னே மெதுவாகச் சுற்றிய யந்திரத்தில் நம் பெரியவர்கள் பட்ட பாட்டைக் கேட்டால், இப்போது நாம் முகம் சுளிக்கவே மாட்டோம்! மூன்றாவது, எக்ஸ்ரே. நான்காவது, சுத்தம்.

இந்தச் சுத்தம் என்பது உங்கள் சமையலறைப் பிரஷர் குக்கர் மாதிரி. ஒருவர் வாயில் போன கருவியை, அடுத்தவர் வாயில் வைப்பதற்கு முன்னால் ஆட்டோகிளேவ் என்ற பெட்டியில் வைத்து, அழுத்தத்தில் அடைபட்ட நீராவியில் 121 டிகிரி சூட்டில் குறைந்தது 15 நிமிஷம் வேக வைக்க வேண்டும். கையுறை, ஊசி எல்லாம் ஆளுக்குப் புதிது. மஞ்சள் காமாலைக் கிருமிகளில் சில ரத்தத்தின் வழியாகத்தான் பரவுகின்றன. ஆகையால், எங்கே மிச்சம் பிடித்தாலும் இதில் மட்டும் மிச்சம் பிடிக்கிற இடத்துக்குப் போகாதீர்கள். மற்ற இடங்களைவிட மிகவும் மலிவாகச் சொன்னால், "கருவிகளை எப்படிச் சுத்தம் செய்கிறீர்கள்?" என்று கேட்பதில் வெட்கமே வேண்டாம். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார், பெட்டியையே காட்டுவார்.

ஒரு பல்லுக்கு ஐந்து பக்கம் உண்டு. மேல் பக்கத்தில் மட்டும் ஓட்டை என்றால் ஒரு கூலி. இரண்டு மூன்று பக்கம் உடைந்திருந்தால், தகட்டைச் சுற்றிக் கட்டி, சுவர் எழுப்புவது போல எழுப்ப வேண்டும். கூலியும் அதற்குத் தக்கபடி ஏறும். அடுத்த வீட்டு அம்மாளின் பாதி விலைக்குப் பாதிக் காரணம் இதுவாகவே இருக்கலாம்.

எதை வைத்து அடைக்கிறார்கள்?

மீதிப் பாதிக் காரணம் மருந்து. இதில் நான்கு வகை தெரிந்திருந்தால் போதும்.

முதல் வகை, கிராம்பு வாசனை வீசுகிற வெள்ளை மருந்து. துத்தநாகப் பொடியைக் கிராம்புத் தைலத்தின் சத்தோடு குழைத்து வைப்பது. பல்வலிக்குக் கிராம்பைக் கடித்துக்கொள்ளச் சொன்ன பாட்டி வைத்தியம் டாக்டரின் மேஜை மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டது, பாருங்கள்! ஆனால் இது தற்காலிகம். சில வாரங்களுக்குத்தான். "அடைத்தாயிற்றே" என்று திரும்பப் போகாமல் இருந்துவிட்டால், மருந்து தேய்ந்து, முதலும் போய் வட்டியும் போய்விடும்.

இரண்டாவது, நம் ஜனங்கள் 'சிமெண்ட்' என்று சொல்லுகிற கிளாஸ் அயனோமர். லண்டனில் வில்சன், கென்ட் என்ற இரண்டு விஞ்ஞானிகள் கண்டுபிடித்து, 1970-களின் தொடக்கத்தில் வெளிவந்தது. இது பல்லோடு தானே ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் கொஞ்சமாக புளோரைடையும் கசிந்து பல்லுக்குப் பலம் தரும். பால் பல்லுக்கும், ஈறோரத்துத் தேய்மானத்துக்கும் சிலாக்கியம். அரைக்கிற கடைவாய்ப் பல்லில் பெரிய ஓட்டையானால் அவ்வளவு தாங்காது. நிரந்தர அடைப்புகளில் விலை குறைந்தது பெரும்பாலும் இதுதான்.

மூன்றாவது, வெள்ளி. வெள்ளி, தகரம், செம்பு இவற்றின் பொடியைப் பாதரசத்தோடு கலந்து செய்வது. கலவையில் ஏறக்குறைய பாதி பாதரசம். சீன தேசத்தில் 7-ம் நூற்றாண்டிலேயே இதை எழுதி வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1840-களில் இதன் பேரில் பெரிய சண்டை நடந்தது. வெள்ளிக் கலவையைத் தொடவே மாட்டேன் என்று பல் டாக்டர்களிடம் ஒரு சங்கம் உறுதிமொழி வாங்கியது. கலவை நிலைத்தது, 1856-ல் சங்கம்தான் கலைந்தது! மலிவு, உறுதி, பத்துப் பதினைந்து வருஷம் உழைக்கும் என்பதால் 20-ம் நூற்றாண்டு முழுவதும் இதுவே ராஜா. ஆனால் பாதரசம் சுற்றுப்புறத்துக்கு விஷம். 2013-ல் ஏற்பட்டு, 2018-ல் இந்தியாவும் ஏற்றுக்கொண்ட மினமாட்டா உடன்படிக்கை இதன் உபயோகத்தைக் குறைக்கச் சொல்லுகிறது. பால் பல்லுக்கும், 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் டாக்டர் அவசியம் என்று கருதினாலொழிய வைக்க வேண்டாம் என்று 2022-ல் தீர்மானமாயிற்று. அதற்காக, உங்கள் வாயில் பல வருஷமாகச் சௌக்கியமாக இருக்கும் வெள்ளி அடைப்பைப் பயந்துகொண்டு பெயர்க்கப் போகாதீர்கள். பெயர்க்கும்போதுதான் பாதரச ஆவி அதிகம் கிளம்பும். நல்ல பல்லும் கொஞ்சம் போகும்.

நான்காவது, பல்லின் நிறத்திலேயே இருக்கும் காம்போசிட். அமெரிக்காவில் போவன் என்பவர் 1962-ல் உரிமை பெற்ற ஒரு பிசினிலிருந்து பிறந்தது. இதன் விலை ஏன் அதிகம்? கொஞ்சம் விவரமாகப் பார்த்தால் தெரியும். முதலில் பல்லை ஓர் அமிலத்தால் துடைத்துக் கழுவ வேண்டும். பிறகு ஒட்டு மருந்து. பிறகு இரண்டு மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு படலம் வைத்து, நீல விளக்கைக் காட்டி இறுக வைக்க வேண்டும். மறுபடி ஒரு படலம், மறுபடி விளக்கு. கொத்தனார் முதல் பூச்சு இறுகிய பிறகு அடுத்த பூச்சுப் பூசுகிற மாதிரி. நடுவில் ஒரு சொட்டு எச்சில் பட்டாலும் ஒட்டாது. அழகுக்காகக் கூடுதல் பணம் என்று நினைக்கிறோம். கூடுதல் பணம் உண்மையில் பொறுமைக்கும் நேரத்துக்கும் போகிறது. அவசரமாக வைத்த காம்போசிட், நிதானமாக வைத்த சிமெண்டைவிடச் சீக்கிரம் விழுந்துவிடும்.

தங்கம் என்று ஐந்தாவது ஒன்றும் உண்டு. பொன்னம்பலத்து ஊரில் அந்தக் காலத்துப் பெரியவர்கள் சிரித்தால் வாயிலும் ஒரு பொன் கூரை மின்னும். இன்றைய பவுன் விலையில் அதைக் கழுத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது!

ஒத்திப்போட்டால் வட்டி

கடலூர், சிதம்பரம் போன்ற ஊர்களில் தனியார் டாக்டரிடம் சிமெண்ட் அடைப்பு சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். பல் நிற அடைப்புக்கு அதைப் போல் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு ஆகலாம். சென்னைக்குப் போனால் வாடகையும் சேர்ந்து இன்னும் கூடும்.

விலையை மட்டும் பார்க்காமல் வருஷத்தால் வகுத்துப் பாருங்கள். உதாரணத்துக்கு, 500 ரூபாய் அடைப்பு நான்கு வருஷம் உழைத்தால் வருஷத்துக்கு 125 ரூபாய். 1,000 ரூபாய் அடைப்பு எட்டு வருஷம் உழைத்தாலும் அதே 125 ரூபாய்தான். ஆனால் மறுமுறை சுரண்டுகிறபோது கொஞ்சம் நல்ல பல்லும் போகும். அதையும் கணக்கில் சேர்த்தால் இரண்டாவதுதான் மலிவு. பால் பல்லுக்கோ அது விழும் வரை தாங்கினால் போதும்; அங்கே முதலாவதுதான் புத்திசாலித்தனம்.

நிற்க. எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு எது தெரியுமா? "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்பதுதான்.

எனாமலில் மட்டும் சொத்தை இருக்கும்போது வலியே இராது. கறுப்புப் புள்ளி, சில்லென்ற தண்ணீர் பட்டால் ஒரு கூச்சம், அவ்வளவே. அந்த நிலையில் அடைத்துவிட்டால் சில நூறு ரூபாயோடு போகும். எனாமலுக்கு அடியில் உள்ள டென்டின் மிருதுவானது. அங்கே சொத்தை வேகமாகப் பரவும். அதையும் தாண்டி நரம்பும் ரத்தமும் ஓடுகிற நடுக்கூழைத் தொட்டுவிட்டால், ராத்திரித் தூக்கம் போச்சு. சூடான காபி பட்டு விண்ணென்று தெறிக்கிற வலி, வெகு நேரம் நிற்கும். இனி வெறும் அடைப்புப் பயன்படாது. வேர் சிகிச்சை, அதன் மேல் உறை. செலவு நூறுகளிலிருந்து ஆயிரங்களுக்குத் தாவிவிடும்.

இன்னொரு விபரீதம் கேளுங்கள். ஒரு நாள் காலையில் வலி தானாகவே நின்றுவிடும். "பார்த்தாயா, மாத்திரையிலேயே சரியாயிற்று!" என்று சந்தோஷப்படுவோம். சரியாகவில்லை, வலியைச் சொல்லுகிற நரம்பு இறந்துவிட்டது. கிருமி மட்டும் வேரின் நுனியில் உட்கார்ந்துகொண்டு எலும்பைத் தின்றுகொண்டிருக்கும். பிறகு முகம் வீங்கும். சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு இது இன்னும் ஆபத்து. கடைசியில் பல்லைப் பிடுங்க வேண்டியதாகும். பிடுங்குவது மலிவுதான். அந்தக் காலி இடத்தில் பாலமோ, எலும்பில் பதிக்கும் இம்ப்ளாண்டோ வைக்கப் புறப்பட்டால் செலவு பதினாயிரங்களுக்கு ஏறும். வைக்காமல் விட்டால் பக்கத்துப் பற்கள் சாயும். மென்று தின்பது குறையும். பல் போனால் சொல் போச்சு என்பார்கள். சொல் மட்டுமா? சோறும் அல்லவா போகிறது!

சிதம்பரத்தில் ஒரு கல்லூரி

எதிர் வீட்டு அம்மாள் காசில்லாமல் அடைத்துக்கொண்டாரே, அதைப் பற்றிச் சொல்ல வேண்டாமா?

கடலூரில் அரசுத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. அங்கே பல் பிரிவும் உண்டு. சிதம்பரத்தில் ஒரு பல் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. 1929-ல் ராஜா ஸர் அண்ணாமலைச் செட்டியார் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை ஸ்தாபித்தார். அந்த வளாகத்தில் 1980-ல் அவருடைய குமாரர் ராஜா ஸர் முத்தையா செட்டியாரின் பெயரால் பல் மருத்துவக் கல்லூரி ஏற்பட்டது. தமிழ்நாட்டில் அரசு பல் மருத்துவக் கல்லூரி அப்போது சென்னையில்தான், 1953-ல் ஏற்பட்டது. தென்னாற்காடு ஜில்லாவில் ஒரு கிராமத்துப் பெண்மணிக்குப் பல் வலித்தால், சென்னைக்கு ரயில் ஏறாமல், சிதம்பரத்துக்கு பஸ் ஏறினால் போதும் என்று ஆனது அப்போதுதான்.

பல்லை அடைக்கிற கூலியைப் பேசுகிறபோது, அடைக்கக் கற்றுக்கொள்கிற கூலியையும் பேச வேண்டும். பல் மருத்துவப் பட்டம் பயிற்சியோடு சேர்த்து ஐந்து வருஷப் படிப்பு. பணமுடை காரணமாகப் பல்கலைக்கழகத்தை 2013-ல் சட்டம் இயற்றி அரசாங்கம் எடுத்துக்கொண்டது. ஆனால் மருத்துவ, பல் மருத்துவ மாணவர்களின் சம்பளம் மட்டும் மற்ற அரசுக் கல்லூரிகளைப் போல் பல மடங்கு அதிகமாகவே இருந்தது. "அரசாங்கக் கல்லூரி என்றால் அரசாங்கக் கட்டணம்தானே நியாயம்?" என்று கேட்டு 2020 டிசம்பரில் மாணவர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். வாரக்கணக்கில் நடந்த போராட்டத்துக்குப் பிறகு, 2021 ஜனவரியில் கல்லூரிகளைச் சுகாதாரத் துறையிடம் ஒப்படைக்க உத்தரவு பிறந்தது. இன்று அது கடலூர் மாவட்டத்தின் அரசு பல் மருத்துவக் கல்லூரி. 2023-ல் புதுக்கோட்டையிலும் ஓர் அரசு பல் மருத்துவக் கல்லூரி வந்திருக்கிறது.

இதில் நமக்கு என்ன என்று கேட்காதீர்கள். பெருங்கடன் பட்டுப் படித்த பிள்ளை, படிப்பை முடித்ததும் கடனை அடைப்பானா, பல்லை அடைப்பானா? குறைந்த சம்பளத்தில் படித்த டாக்டர் நெல்லிக்குப்பத்திலோ காட்டுமன்னார்கோவிலிலோ பலகை மாட்டி உட்கார முடியும். கல்லூரி வாசலில் பிள்ளைகள் கேட்ட நியாயத்தில் நம் பல்லின் விலையும் அடங்கியிருக்கிறது.

இலவசத்துக்கும் ஒரு விலை

கல்லூரி ஆஸ்பத்திரியில் பணம் குறைவு, நேரம் அதிகம். முதலில் சீட்டு, பிறகு பரிசோதனைப் பிரிவு, பிறகு எக்ஸ்ரே, பிறகு பல்லை அடைக்கிற பிரிவு என்று வரிசையாகப் போக வேண்டும். உங்களுக்கு அடைப்பவர் ஒரு மாணவராகவோ மாணவியாகவோ இருக்கலாம். பயப்படாதீர்கள். சொத்தையை எடுத்தாயிற்றா, மருந்து சரியாக வைத்தாயிற்றா என்று ஆசிரியர் வந்து பார்ப்பார். தனியார் டாக்டர் அரை மணியில் செய்வது இங்கே ஒரு காலைப் பொழுதையே விழுங்கிவிடும். அவசரம் இல்லாததே இதன் பலமும்கூட.

ஆனால் தினக்கூலிக்குப் போகிற பெண்மணிக்கு ஒரு நாள் என்பது ஒரு நாள் சம்பளம். கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு ஏறக்குறைய 45 கிலோமீட்டர். போக வர பஸ் சத்தம், கூட வருகிறவர் செலவு, மத்தியானச் சாப்பாடு, இவ்வளவும் அடைப்பின் விலைதான். ஒரு தடவையில் முடிகிற அடைப்பானால் பக்கத்தில் உள்ள டாக்டரே மலிவாக முடியலாம். பல தடவை வர வேண்டிய வேர் சிகிச்சை, உறை, பல் செட் என்றால் பயணச் செலவு போகவும் கல்லூரியில் மிச்சம் இருக்கும். உட்கார்ந்து ஒரு தாளில் கூட்டிப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

பிள்ளைகளும் தாய்மார்களும்

"விழப்போகிற பல்தானே, அதை எதற்கு அடைப்பது?" என்று பல தாய்மார்கள் கேட்பதுண்டு. முன்பல் ஆறேழு வயதில் விழும், வாஸ்தவம். ஆனால் கடைவாய்ப் பால் பற்கள் பத்துப் பன்னிரண்டு வயது வரை இருந்தாக வேண்டும். அவை முன்னாலேயே போனால் இடம் சுருங்கி, பின்னால் வருகிற பற்கள் கோணல் மாணலாக முளைக்கும். அதை நேராக்கக் கம்பி கட்டுகிற செலவைக் கேட்டால் தலை சுற்றும்.

இன்னொரு சூட்சுமம். ஆறு வயதில், பால் பற்களுக்கெல்லாம் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே ஒரு புதுக் கடைவாய்ப் பல் முளைக்கும். இதுவும் பால் பல்தான் என்று நினைத்துக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். அது நிரந்தரப் பல், ஆயுசுக்கும் அதுதான். ஆறு வயதுக் குழந்தையின் வாயை வெளிச்சத்தில் திறந்து பாருங்கள். பல்லின் மேல் ஆழமான பள்ளங்கள் இருந்தால், சொத்தை விழுவதற்கு முன்பே அவற்றை மூடி வைக்கிற பூச்சு ஒன்று உண்டு. சுரண்டலும் இல்லை, ஊசியும் இல்லை.

கர்ப்பமாக இருக்கும்போது பல்லைத் தொடவே கூடாது என்று சொல்லி வலியோடு மாதக்கணக்கில் கிடப்பவர்கள் உண்டு. அது தவறு. நாலாம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை பல் அடைத்துக்கொள்ளச் சௌகரியமான காலம். டாக்டரிடம் மாதத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான்.

செலவே இல்லாத வைத்தியம் ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். புளோரைடு கலந்த பற்பசையால் காலையில் ஒரு முறையும், இரவு படுக்கப் போகுமுன் ஒரு முறையும் துலக்குங்கள். தூங்கும்போது உமிழ்நீர் குறைந்துவிடுவதால் ராத்திரித் துலக்கல் மிகவும் முக்கியம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரிசியளவு பசை, ஆறு வயது வரை பட்டாணியளவு பசை போதும். செங்கல் பொடியும் அடுப்புக் கரியும் பல்லைத் தேய்த்து எனாமலையும் சேர்த்துத் தேய்த்துவிடும்.

வாயைத் திறப்பதற்கு முன்னால்

சகோதரிகளே, இந்தக் கேள்விகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நாற்காலியில் சாய்வதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

இது தற்காலிக அடைப்பா, நிரந்தர அடைப்பா? எந்த மருந்து, எத்தனை வருஷம் எதிர்பார்க்கலாம்? பல்லின் எத்தனை பக்கத்தில் சொத்தை இருக்கிறது? எக்ஸ்ரே, மரத்துப்போகும் ஊசி எல்லாம் இந்தத் தொகையில் சேர்ந்ததா, தனியா? சுரண்டிப் பார்க்கும்போது சொத்தை ஆழமாக இருந்தால் என்ன செய்வீர்கள், அதற்கு எவ்வளவு ஆகும்? ஒரே நாளில் எல்லாப் பல்லையும் அடைக்க வேண்டுமா, அவசரமானதை முதலில் அடைத்து மற்றதை அடுத்த மாதச் சம்பளத்தில் பார்த்துக்கொள்ளலாமா?

இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்க நாம்தான் கூச்சப்படுகிறோம். டாக்டர்கள் பெரும்பாலும் தாராளமாகப் பதில் சொல்லுவார்கள். வேர் சிகிச்சை, பிடுங்குவது போன்ற பெரிய காரியமானால், எக்ஸ்ரேயைக் கையில் வாங்கிக்கொண்டு இன்னொரு டாக்டரிடம் காட்டுவதில் தவறில்லை. டாக்டர் பலகையில் பட்டத்தோடு தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலின் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு இல்லாதவர் பல் வைத்தியம் செய்யக் கூடாது என்பது சட்டம். ரசீது கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். எந்தப் பல், எந்த மருந்து, எந்தத் தேதி என்று அதில் இருந்தால், அடைப்பு சீக்கிரம் விழுந்துவிட்டால் போய்க் கேட்க உதவும்.

அடைத்துக்கொண்டு வந்த பிறகு, வெள்ளியானால் ஒரு நாள் அந்தப் பக்கம் கடினமாக எதையும் கடிக்காதீர்கள். ஊசி போட்டிருந்தால் மரமரப்புத் தீரும் வரை சாப்பிட வேண்டாம். குழந்தைகள் உதட்டைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சில நாள் கூச்சம் இருப்பது சகஜம். கடிக்கும்போது அடைப்பு மட்டும் முட்டினால் உடனே போய்ச் சரி செய்துகொள்ளுங்கள்; ஐந்து நிமிஷ வேலை.

கடைசியாக ஒரு வார்த்தை. குழந்தைக்குப் பல் வலித்தால் அன்றைக்கே ஆட்டோ பிடிக்கிறீர்கள். வீட்டுக்காரருக்கு வலித்தால் மறுநாள் அழைத்துப் போகிறீர்கள். மாமியாருக்குப் பல் செட் கட்டியாயிற்று. உங்கள் கடைவாயில் இருக்கிற அந்தக் கறுப்புப் புள்ளியை மட்டும் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டிய பிறகு, தீபாவளி போன பிறகு, நாத்தனார் கல்யாணம் முடிந்த பிறகு என்று தள்ளிக்கொண்டே வருகிறீர்கள். மிச்சம் பிடிப்பதாக நினைக்கிறீர்கள். அது மிச்சம் இல்லை. வட்டிக்கு வாங்கிய கடன். நூறில் முடிகிற காரியத்தை ஆயிரத்துக்கு வளர்க்காதீர்கள். அடுத்த மாத பட்ஜெட் எழுதும்போது, பாலுக்கும் மளிகைக்கும் நடுவே, உங்கள் பெயரில் ஒரு பல்லுக்கும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.